பதில் சொல்ல முன்பணமா?

கடன் கொடுத்தவர் வழக்குப் போடுவார், வாங்கியவர் பதில் சொல்வார், இருவரையும் கேட்டு நீதிபதி தீர்ப்புச் சொல்வார். கோர்ட்டு என்றதும் நம் மனதில் வரும் நடைமுறை இதுதான். ஆனால், பதில் சொல்வதற்கே நீதிபதியிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டிய வழக்கு வகை ஒன்று இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது கட்டளைப்படி தொடுக்கப்படும் பண வழக்கு அது. சட்டத் தமிழில் சுருக்கமுறை வழக்கு, வக்கீல்களின் பேச்சில் ‘சம்மரி சூட்’. பிரதிவாதி அனுமதி கேட்டால் நீதிபதி அதைக் கொடுக்கலாம், மறுக்கலாம். அல்லது ‘இவ்வளவு பணத்தை கோர்ட்டில் கட்டு, பிறகு வழக்காடு’ என்று நிபந்தனை வைத்துக் கொடுக்கலாம். பெரம்பலூர், அரியலூர் மாதிரி மானாவாரி மாவட்டங்களில் ஒரு குடும்பத்தின் நிலம் நிலைப்பதும் ஏலத்துக்குப் போவதும் சில சமயம் இந்த நிபந்தனை வரியில்தான் முடிவாகிறது. அதை எழுதும் முறை மாற வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வழக்கு.

புரோ நோட்டு, காசோலை, எழுத்துமூல ஒப்பந்தம், கடனுக்குப் பிணை நின்ற பத்திரம் ஆகியவற்றின் பேரில் திட்டமான ஒரு தொகையைக் கேட்பவர் இந்த வழியில் போகலாம். பிராதில் வழக்கு எண்ணுக்குக் கீழேயே ‘கட்டளை 37-இன் கீழ்’ என்று எழுதியிருக்க வேண்டும். சம்மன் கைக்கு வந்த பத்து நாளைக்குள் பிரதிவாதி ஆஜராகி, தனக்கு நோட்டீஸ் வர வேண்டிய முகவரியைத் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்து வாதி தரப்பிலிருந்து ‘தீர்ப்புக்கான சம்மன்’ வரும். அது வந்த பத்து நாளைக்குள், தன் கட்சியைப் பிரமாண வாக்குமூலமாக எழுதி அனுமதி மனு போட வேண்டும். இதில் எதைத் தவறவிட்டாலும் வாதிக்கு டிக்ரி. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க இடமுண்டு என்பது உண்மைதான். ஆனால், சாதாரண வழக்கில் பதிலுரைக்கு முப்பது நாள், கோர்ட்டு இசைந்தால் தொண்ணூறு நாள் வரை என்று கேட்டுப் பழகிய ஊரில், சம்மனை வாங்கி வீட்டு எரவாணத்தில் செருகிவிட்டு ‘வாய்தா அன்னைக்குப் போய்க்கலாம்’ என்று இருப்பவருக்கு அந்தப் பத்து நாள் எப்போது போனது என்றே தெரியாது.

இந்த நடைமுறை கிராமத்துக்காகப் பிறந்தது அல்ல. இங்கிலாந்தில் 1855-இல் வணிகர்களின் பில்லுக்கும் புரோ நோட்டுக்கும் விரைந்து தீர்ப்புக் கிடைப்பதற்காகக் கொண்டுவந்த சட்டம் இதன் மூலம். இந்தியாவின் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கல்கத்தா, சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களையும் வேறு சில கோர்ட்டுகளையும் தாண்டி 37-ஆவது கட்டளை போகவில்லை. துறைமுக நகரத்துப் பெருவணிகர்கள், பேரேடு வைத்திருப்பவர்கள், கையெழுத்தின் எடை தெரிந்தவர்கள் தங்களுக்குள் வழக்காடிய இடம் அது. 1976-இல் செய்த திருத்தம் 1977 பிப்ரவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது இது எல்லா சிவில் கோர்ட்டுகளுக்கும் விரிந்தது. கடற்கரைச் சாலை வியாபாரிக்குத் தைத்த சட்டை பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டை விவசாயியின் தோளுக்கு வந்தது அப்படித்தான்.

அந்த விவசாயி கையெழுத்துப் போடும் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அச்சடித்த படிவம். தொகை, வட்டி, தேதி, கடன் கொடுப்பவர் பெயர் எல்லாம் வெறும் புள்ளிக்கோடுகள். கீழே ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப், அதன்மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. ஆவணி, புரட்டாசியில் மக்காச்சோள விதைக்கும் அடியுரத்துக்கும் பணம் தேவைப்படும்போது புள்ளிக்கோடுகளை நிரப்பச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. ‘நீங்களே எழுதிக்குங்கண்ணே’ என்று சொல்லிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். மூணு வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு 36. அஞ்சு வட்டி என்றால் 60. மாதா மாதம் கொடுக்கும் வட்டிக்கு ரசீது கிடையாது. வரவு ஏறுவது கடன் கொடுத்தவரின் நோட்டில். புரோ நோட்டுக்கு மூன்று ஆண்டுக் காலவரையறை இருப்பதால், அது முடியும் தறுவாயில் நோட்டின் பின்பக்கம் ஐந்நூறோ ஆயிரமோ ‘வரவு’ என்று எழுதி இன்னொரு கையெழுத்து வாங்கப்படும். வாங்கியவருக்கு அது வட்டி கொடுத்த கணக்கு. சட்டத்துக்கோ, கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவரே எழுதிக் கொடுத்த சாட்சி.

இப்படி இரண்டு லட்சம் வாங்கியவர் மீது ஐந்து லட்சத்துக்கு வழக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தவர், அதை நிரப்பவும் அதிகாரம் கொடுத்ததாகவே 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு கொள்கிறது. நோட்டில் கண்ட தொகை கைமாறியது என்றே 118-ஆவது பிரிவு அனுமானிக்கும். அந்த அனுமானத்தை உடைக்கலாம். ஆனால் உடைப்பதற்கு விசாரணை வேண்டும், சாட்சிக் கூண்டில் நோட்டு எழுதியவரையும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அந்த விசாரணையின் வாசலில்தான் நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது.

எப்போது நிபந்தனை போடலாம் என்பதைச் சட்டம் இருட்டில் விடவில்லை. ‘சந்தோஷ் குமார் எதிர் பாய் மூல் சிங்’ என்ற 1958-ஆம் ஆண்டு வழக்கு இதில் அடித்தளம். 60 ஆயிரம் ரூபாய் காசோலையின் பேரில் டெல்லியில் தொடுத்த வழக்கு அது. காசோலையை வெறும் ஈடாகத்தான் கொடுத்தோம், சரக்குக்கான பணம் வேறு வழியில் தீர்ந்துவிட்டது என்றார்கள் பிரதிவாதிகள். இது விசாரிக்க வேண்டிய விஷயம்தான் என்று ஒப்புக்கொண்ட கீழ்க்கோர்ட்டு, ஆனாலும் ஆவண ஆதாரம் எதையும் காட்டவில்லையே என்று சொல்லிப் பிணை கேட்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. ஆவணத்தைக் கொண்டுவர வேண்டிய கட்டம் விசாரணை. அனுமதிக் கட்டத்தில் அதைக் காட்டவில்லை என்பதையே காரணமாக்கி நிபந்தனை போட முடியாது என்றார். ரசீதே எழுதாத ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு இருக்க முடியாது.

பிறகு 1976-ஆம் ஆண்டுத் திருத்தம், பிரதிவாதியிடம் கணிசமான எதிர்வாதம் ஏதும் இல்லை அல்லது அது அற்பமானது, தொல்லை தருவதற்கானது என்று நீதிபதி கண்டாலொழிய அனுமதியை மறுக்கக் கூடாது என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது. ‘இவ்வளவு தர வேண்டியது உண்மை’ என்று பிரதிவாதி ஒப்புக்கொண்ட பகுதியை அவர் கட்டாமல் அனுமதி தரக் கூடாது. இரண்டுமே நியாயமானவை.

இன்று கோர்ட்டுகள் பின்பற்ற வேண்டிய அளவுகோல், 2016 நவம்பர் 15-ஆம் தேதி ஐ.டி.பி.ஐ. டிரஸ்டீஷிப் எதிர் ஹப்டவுன் வழக்கில் நீதிபதிகள் குரியன் ஜோசப், ரோஹிண்டன் நரிமன் அமர்வு வகுத்தது. வெல்லக்கூடிய கணிசமான எதிர்வாதம் இருந்தால் நிபந்தனையே கூடாது. விசாரிக்கத் தக்க, நியாயமான எதிர்வாதம் என்றாலும் சாதாரணமாக நிபந்தனை இல்லை. விசாரிக்க விஷயம் இருக்கிறது, ஆனால் அதன் நேர்மையில் ஐயம் வருகிறது என்றால்தான் பணமோ பிணையோ கேட்கலாம். அல்லது விசாரணையை இந்தக் காலத்துக்குள், இந்த முறையில் நடத்து என்று சொல்லலாம். நடந்திருக்கலாம், ஆனால் நம்புவதற்கு அரிது என்ற அளவில் எதிர்வாதம் நின்றால் அசல் முழுவதையும் வட்டியோடுகூடக் கட்டச் சொல்லலாம். அனுமதி தருவதே பொது வழக்கம், மறுப்பது விதிவிலக்கு என்று 2022 ஜனவரியில் பி.எல். காஷ்யப் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் அழுத்திச் சொன்னது.

ஹப்டவுன் வழக்கின் முடிவில் ஒரு விவரம் இருக்கிறது. ஹப்டவுன் ஒரு மும்பை ரியல் எஸ்டேட் நிறுவனம். பம்பாய் உயர் நீதிமன்றம் அதற்கு நிபந்தனையில்லாமல் அனுமதி கொடுத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அசலான 418 கோடி ரூபாயைக் கட்ட வேண்டும், அல்லது அந்தத் தொகைக்குப் பிணை கொடுக்க வேண்டும், மூன்று மாத அவகாசம் என்றது. எதிர்வாதத்தின் நேர்மையில் ஐயம் கொண்டே இவ்வளவு பெரிய நிபந்தனை போட்ட அமர்வு, ரொக்கம் அல்லது பிணை என்று இரண்டு வழி திறந்துவைத்தது. மூன்று மாதமும் கொடுத்தது. பிறகு ஏன் குன்னம் தாலுகாவில் நாலு ஏக்கர் பட்டா வைத்திருக்கும் ஒருவருக்கு ‘வழக்குத் தொகையில் பாதியை நான்கு வாரத்துக்குள் ரொக்கமாகக் கட்டுக’ என்ற ஒரு வரி உத்தரவு? பாதி என்பது எங்கிருந்து வந்த எண்? எந்தச் சட்டப் பிரிவிலும் அது இல்லை. பிரதிவாதி வராததால் ஆன எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யும் மனுக்களில் ‘பாதியைக் கட்டு’ என்று போட்டுப் பழகிய கை, இங்கேயும் அதையே எழுதிவிடுகிறது. இது அளந்து போட்ட நிபந்தனை ஆகாது. வழக்கமாகிப்போன ஒரு எண், அவ்வளவுதான்.

நான்கு வாரம் என்பதற்கு இந்த மண்ணில் மாதத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு. பெரம்பலூரில் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் வானம் பார்த்த சாகுபடி. ஐப்பசியில் எல்லாப் பணமும் மண்ணுக்குள் இருக்கும். மக்காச்சோளம் தையில் காசாகும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கொட்டை மாசிக்குப் பிறகுதான் வீட்டுக்கு வரும். சின்ன வெங்காயத்துக்கு விலை நின்றால் வருமானம். இல்லையென்றால் பட்டறையிலேயே அழுகும். 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் காடுகளை அழித்த ஆண்டை இந்த மாவட்டங்கள் மறக்கவில்லை. அந்த ஐப்பசியில் நான்கு வாரத்தில் இரண்டரை லட்சம் ரொக்கம் கேட்பது, அனுமதி கிடையாது என்று சொல்வதற்குச் சமம். ஆனால் மறுப்பு என்று எழுதினால் நீதிபதி காரணம் எழுத வேண்டும், மேல்கோர்ட்டு அதை உரசிப் பார்க்கும். நிபந்தனை என்று எழுதினால் கருணை மாதிரித் தெரியும். பணம் கட்டாததால் தானாக டிக்ரி ஆகும். குற்றம் கட்டாதவர் மேல் விழும். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

இலவச சட்ட உதவியும் இந்த இடத்தில் கைகொடுக்காது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை அமர்த்தித் தரும், கோர்ட்டுச் செலவையும் ஏற்கும். நிபந்தனைத் தொகையை யார் தருவார்? வறியவர் கோர்ட்டுக் கட்டணம் இல்லாமல் வழக்குத் தொடுக்க 33-ஆவது கட்டளை வழி செய்கிறது. வழக்கைச் சந்திக்கப் பணம் கட்டச் சொன்னால் வறியவருக்கு அப்படியொரு வழி கிடையாது. அந்த உத்தரவை எதிர்ப்பதென்றால் அரசியலமைப்பின் 227-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போக வேண்டும். பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து 1995-இல் பிரிந்த பெரம்பலூரும், அதிலிருந்து பிரிந்து, சேர்ந்து, 2007-இல் மறுபடி தனியான அரியலூரும் சென்னை முதன்மை அமர்வைச் சேர்ந்தவை. திருச்சிக்காரருக்கு மதுரைக் கிளை. அடுத்த ஊரான பெரம்பலூர்க்காரருக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை. அங்கே ஒரு வக்கீலை வைத்துத் தடையுத்தரவு வாங்குவதற்குள் நான்கு வாரம் ஓடிவிடும்.

இதையெல்லாம் சொல்வதால் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் கந்துவட்டிக்காரர்கள் என்று ஆகாது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை உறவினரின் தொழிலுக்குக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் அலையும் ஆசிரியர் இருக்கிறார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிக்கு வாடகை பாக்கி வராமல் ஃபைனான்ஸ் தவணை கட்ட முடியாமல் நிற்கும் லாரிக்காரர் அரியலூரில் இருக்கிறார். விவசாயியே வாதியாக வரும் வழக்கும் உண்டு. வெங்காயம் ஏற்றிக்கொண்டு போன வியாபாரி பின்தேதியிட்ட காசோலை ஒன்றைக் கொடுக்கிறார். அது திரும்பி வருகிறது. வழக்குப் போட்டதும் ‘சரக்கு அழுகிப்போயிருந்தது’ என்கிறார். அழுகியிருந்தால் இறக்கிய அன்றே போன் செய்திருப்பாரே, காசோலை ஏன் கொடுத்தார்? நடந்திருக்கலாம், ஆனால் நம்புவதற்கு அரிது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த மாதிரி எதிர்வாதத்தைத்தான். இங்கே அசல் முழுவதையும் கட்டச் சொல்வதே நீதி. நிபந்தனையே போடாமல் இவரை உள்ளே விட்டால், சாதாரண வழக்கு மாதிரி ஆண்டுக்கணக்கில் இழுப்பார்; 2017-க்குப் பிறகு நூற்றுக்கு மூன்றாகக் குறைக்கப்பட்ட கோர்ட்டுக் கட்டணத்தைக்கூட அந்த விவசாயி கடன் வாங்கித்தான் கட்டியிருப்பார். காசோலை வழக்கின் குற்றவியல் பக்கத்தில், இடைக்கால இழப்பீடாகக் காசோலைத் தொகையில் 20 விழுக்காடு வரை கொடுக்கச் சொல்லலாம் என்று 2018-இல் நாடாளுமன்றம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 143-ஏ பிரிவைச் சேர்த்ததும் இந்த இழுத்தடிப்பைப் பார்த்துத்தான். அதுவும் கட்டாயம் அல்ல, வழக்கின் தன்மையைப் பார்த்தே போட வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஆகவே நிபந்தனை வேண்டும். அது எதிர்வாதத்தின் நேர்மையை அளக்க வேண்டும். எதிர்வாதியின் மடியை அளக்கக் கூடாது. நேர்மையை அளக்க வழி இருக்கிறது. வக்கீல் நோட்டீசுக்கு உடனே பதில் போட்டாரா, அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறாரா? எவ்வளவு வாங்கினேன், எந்த மாதம் எவ்வளவு கொடுத்தேன் என்று விவரம் சொல்கிறாரா, அல்லது கையெழுத்தே என்னுடையது அல்ல என்று ஒரே போடாகப் போடுகிறாரா? இப்போது வட்டியை ஜிபேயில் அனுப்புகிறவர்கள் பலர். அந்த வங்கிக் கணக்கை இணைத்திருக்கிறாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதிலை உத்தரவில் நாலு வரி எழுதினால் போதும். ஐயம் இருக்கிறது என்றால் எதன்மேல் ஐயம் என்று எழுதட்டும்.

தொகையையும் அந்த ஐயத்துக்கு ஏற்பவே வைக்க வேண்டும். இரண்டு லட்சம் வாங்கினேன் என்று அவரே ஒப்புக்கொண்டால், கொடுத்தது போக மீதி எவ்வளவு என்று அவர் சொல்லும் கணக்கைக் கட்டச் சொல்வது சட்டம் கேட்பதே. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டமும் கடன்பட்டவர் அசலையும் நியாயமான வட்டியையும் தானாகவே கோர்ட்டில் கட்ட வழி வைத்திருக்கிறது. மீதிக்கு நிலத்தைப் பிணையாக ஏற்கலாம். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இன்று இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. அறுவடை பார்த்துத் தவணை கொடுக்கலாம். பணமே கேட்காமல், ஆறு மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும், வாய்தா கேட்டால் அனுமதி ரத்து என்று நிபந்தனை வைக்கலாம். வாதிக்கு வேண்டியதும் அந்த வேகம்தானே. கட்டிய பணத்தைக் கோர்ட்டுக் கணக்கில் சும்மா போட்டுவைக்காமல் வங்கி வைப்பில் போடச் சொன்னால் வட்டியாவது ஜெயிப்பவருக்குச் சேரும்.

வக்கீல்களுக்கும் ஒரு வார்த்தை. அனுமதி மனுவுக்கான வாக்குமூலம் பலமுறை பழைய பதிலுரையின் நகலாக இருக்கிறது: எல்லாவற்றையும் மறுக்கிறோம், வாதி கடுமையாக நிரூபிக்கக் கடமைப்பட்டவர் என்று. இந்தக் கட்டத்தில் அது கட்சிக்காரரின் கழுத்தில் கத்தி வைப்பது. எந்த ஊர்ச் சந்தையில், யார் முன்னால், எவ்வளவு கொடுத்தார் என்று கட்சிக்காரரை உட்கார வைத்துக் கேட்டு எழுதும் இரண்டு பக்கம்தான் நிபந்தனையைத் தடுக்கும்.

பக்கத்து நாட்டைப் பார்க்கலாம். இலங்கையின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இதே வகை வழக்குகளுக்கு 704-ஆவது பிரிவு இருக்கிறது. எதிர்வாதம் மேலோட்டப் பார்வையிலேயே நிற்காது என்றோ, அதன் நேர்மையில் நியாயமான ஐயம் உண்டு என்றோ நீதிமன்றம் கருதினாலொழிய, பணம் கட்டு, பிணை கொடு என்று பிரதிவாதியைக் கேட்கக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. யாழ்ப்பாணத்து நீதிபதி கடமை என்னவென்று சட்டப் புத்தகத்திலேயே படித்துவிடலாம். பெரம்பலூர் முன்சீப் அதைத் தீர்ப்புத் தொகுதிகளில் தேட வேண்டியிருக்கிறது. நம் கட்டளை 37-இல் இருப்பதெல்லாம் ‘நியாயமெனத் தோன்றும் நிபந்தனைகளின் பேரில்’ என்ற சொற்கள்தான்.

இதைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. நடைமுறைச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு, முதல் அட்டவணையில் உள்ள விதிகளைத் தன் எல்லைக்குள் திருத்தும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. எதிர்வாதத்தின் நேர்மையில் ஐயம் கொண்டால் மட்டுமே நிபந்தனை, அந்த ஐயத்துக்கான காரணம் உத்தரவில் இருக்க வேண்டும், ரொக்கத்துக்கு மாற்றாகப் பிணையும் ஏற்கப்பட வேண்டும் என்று மூன்றாவது விதியில் ஓர் உள்விதி சேர்த்தால் தமிழ்நாட்டின் எல்லா முன்சீப் கோர்ட்டுகளையும் அது கட்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் விதிகள் குழு இதை எடுத்துக்கொள்ள வேண்டும். பெரம்பலூர், அரியலூர் வழக்கறிஞர் சங்கங்கள் அந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி அனுப்ப வேண்டும்.